உயிலில் பிழைத்த பெயர்

ஆங்கிலத்தில் 17 எழுத்துகள் கொண்ட ஒரு குடும்பப்பெயர் இருக்கிறது. எஃப், இ, ஏ, டி, எச், இ, ஆர் என்று ஆரம்பித்து, எஸ், டி, ஓ, என், இ என்று நீண்டு, எச், ஏ, யு, ஜி, எச் என்று ஒருவழியாக முடியும். எழுத்துக்கூட்டிப் படித்தால் ஃபெதர்ஸ்டன்ஹா. ஆனால் இங்கிலாந்தில் விஷயம் தெரிந்தவர்கள் அதை 'ஃபேன்ஷா' என்று சொல்லிவிட்டு, தெரியாதவர்களை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

ஆங்கில எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள பகை ஊரறிந்தது. சோல்மொண்டெலி என்று எழுதுவதைச் 'சம்லி' என்பார்கள். மார்ஜொரிபேங்க்ஸ் 'மார்ச்பேங்க்ஸ்' ஆகிவிடும். பியூஷாம் போல எழுதியிருப்பது 'பீச்சம்'. இந்த வரிசைக்கெல்லாம் பெரியண்ணன் ஃபெதர்ஸ்டன்ஹா. இணையத்தில் 'விசித்திர உச்சரிப்புகள்' என்று யார் பட்டியல் போட்டாலும் இது தவறாமல் ஆஜராகும். ஒரு சிரிப்போடு முடிந்துவிடும். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் யார், எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று தேடிப் படித்தபோது, உச்சரிப்புதான் இதில் இருக்கிற ஆகச் சாதாரணமான விஷயம் என்று தெரிந்தது.

முதலில் ஊர். இங்கிலாந்தின் வட கோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி நார்தம்பர்லாந்து என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே ஹால்ட்விசில் என்னும் சிறு நகருக்குப் பக்கத்தில் தெற்கு டைன் ஆறு வளைந்து ஓடுகிறது. அந்தக் கரையில் நிற்பது ஃபெதர்ஸ்டன் கோட்டை. இந்தக் குடும்பத்தின் ஆதி இடம் இதுதான். நார்மானியர்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. இன்ன ஊர்க்காரர் என்பது மெல்ல மெல்ல இன்ன குடும்பத்தார் என்று ஆனது. ஊரை விட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஃபெதர் என்றால் இறகு, யாருக்கும் தெரியும். அதனால் 'இறகுக்கல்' என்று பொருள் சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் பெயராய்வாளர்கள் சொல்வது வேறு. பழைய ஆங்கிலத்தில் நான்கு என்ற எண் கூட்டுச்சொல்லின் முன்னால் வரும்போது ஏறக்குறைய 'ஃபெதர்' என்றே ஒலித்தது. மூன்று கற்களை நட்டு, மேலே ஒன்றைக் கவிழ்த்து மூடினால் நான்கு கல். நம் ஊரில் கல்திட்டை என்கிறோமே, அதே அமைப்பு. இதே கல்லைப் பெயரில் வைத்திருக்கும் வேறு ஊர்களும் இங்கிலாந்தில் உண்டு. யார்க்‌ஷயரில் இருக்கும் ஃபெதர்ஸ்டன் 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கிலேயே இருக்கிறது. கடைசியில் தொங்கும் 'ஹா' வட இங்கிலாந்துச் சொல். ஆற்று வளைவில் வண்டல் படிந்து சமமாகக் கிடக்கும் நிலத்தைக் குறிக்கும். படுகை என்று சொன்னால் காவிரிக்கரைக்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஆக, கல்திட்டைப் படுகை. அவ்வளவுதான் பொருள்.

ஆனால் அந்தக் குடும்பத்தின் குலச்சின்னத்தைப் பாருங்கள்: சிவப்புப் பின்னணியில் மூன்று தீக்கோழி இறகுகள். பெயரில் இறகு இல்லை என்றாலும் கேடயத்தில் வெள்ளை வெளேரென்று மூன்று இறகு. பெயர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே படம் வரைந்துவிட்டார்கள். குலச்சின்னம் எழுதும் இடைக்காலக் கலைஞர்களுக்கு இப்படிச் சிலேடை செய்வது பிடித்தமான வேலை. நான்கு கல்லைவிட மூன்று இறகு கேடயத்தில் எடுப்பாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி உச்சரிப்பு. எழுத்து ஒரு காலத்தில் உறைந்துவிட்டது, நாக்கு உறையவில்லை. முடிவில் இருந்த தொண்டை ஒலி ஆங்கிலத்தில் பெரும்பாலும் செத்துப்போய் 'ஹா' மட்டும் மிஞ்சியது. நடுவில் நெருக்கியடித்து நின்ற மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எஸ் என்ற ஒலியும் ஹ என்ற ஒலியும் பக்கத்தில் வந்தால் 'ஷ' என்று இழைவது எளிது. இப்படித் தேய்ந்து தேய்ந்து ஃபேன்ஷா. இத்தனைக்கும் ஃபேன்ஷா என்றே எழுதப்படும் வேறொரு குடும்பப்பெயர் டார்பிஷயர் பக்கத்திலிருந்து தனியாக வந்திருக்கிறது. அதற்கும் இதற்கும் உறவில்லை. எல்லோரும் ஃபேன்ஷா என்பதும் இல்லை. ஃபெஸ்டன்ஹா, ஃபீசன்ஹே, ஃபெதர்ஸ்டன்ஹா என்று கிளைக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எழுத்திலும் ஒற்றுமை கிடையாது. ஒரு கிளை 'ஏ'யை விட்டுவிடும், இன்னொன்று நடுவிலுள்ள 'இ'யை விட்டுவிடும், மூன்றாவது கிளை வாலையே வெட்டிவிட்டு ஃபெதர்ஸ்டன் என்று நிம்மதியாக இருக்கும். இத்தனை வேறுபாட்டுக்கு நடுவே ஒரேயொரு உச்சரிப்பைத் தெரிந்து வைத்துக்கொண்டு மற்றவரை மட்டம்தட்டுவது வெறும் வர்க்கத் திமிர் என்பது என் கருத்து.

வாலின் உச்சரிப்புக்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1808-இல் வெளியிட்ட 'மார்மியன்' என்ற நெடும்பாட்டில், எல்லைப்புறக் குடும்பங்கள் கூடிச் சர் ஆல்பனி ஃபெதர்ஸ்டன்ஹாவைத் தாக்கி 'டெட்மேன்ஸ் ஷா' என்ற இடத்தில் கொன்றதாக ஒரு பழம்பாடல் வருகிறது. ஹாவுக்கும் ஷாவுக்கும் இயைபு. ரிட்லி குடும்பத்தாருக்கும் ஃபெதர்ஸ்டன்ஹாக்களுக்கும் இருந்த பகையில் 1530 வாக்கில் நிகழ்ந்த கொலையைச் சொல்வதாக ஸ்காட் நம்பினார். பாடலை அவருக்கு அனுப்பியவர் டர்ஹம் மாவட்ட வரலாற்றாசிரியர் ராபர்ட் சர்ட்டீஸ். ஆல்ஸ்டன் மூர் பகுதியில் எண்பது வயதுக் கிழவி ஒருத்தி பாடக் கேட்டு எழுதியது என்று விவரமும் கொடுத்திருந்தார்.

கிழவியும் இல்லை, பாடலும் இல்லை. எல்லாம் சர்ட்டீஸ் தானே உட்கார்ந்து எழுதியது. ஸ்காட் மனம் குளிர்ந்து அச்சேற்றிய பிறகு உண்மையைச் சொல்ல சர்ட்டீஸுக்கு மனம் வரவில்லையா, குறும்பு விடவில்லையா, யார் கண்டது? ஸ்காட் 1832-இல் இறக்கும்வரை அவருக்குத் தெரியாது. சர்ட்டீஸும் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வரலாற்றாசிரியர் ஒருவர், தன் காலத்தின் மிகப் பெரிய நாட்டார் பாடல் சேகரிப்பாளரை இப்படி ஏமாற்றியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புதான் வந்தது. பாடல் போலி என்றாலும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த வட நாட்டுக்காரர் ஒருவரின் காதில் அந்த வால் எப்படி ஒலித்தது என்பதற்கு அது அசல் ஆதாரம்.

உண்மையாகவே கழுத்தைக் கொடுத்த ஃபெதர்ஸ்டன்ஹாவும் உண்டு. கம்பர்லாந்தில் கிர்க்கோஸ்வால்ட் ஊரைச் சேர்ந்த சர் டிமத்தி, அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்றவர். 1651-இல் விகன் அருகே பிடிபட்டு, அதே ஆண்டு செஸ்டர் நகரில் தலை வெட்டப்பட்டார். அயர்லாந்துக்குப் போன கிளையின் கதை இதற்கு நேர்மாறான நகைச்சுவை. லாங்ஃபர்ட் மாவட்டம் ஆர்டா என்ற ஊரில் வால் வெட்டிய ஃபெதர்ஸ்டன் ஒருவரின் மாளிகை இருந்தது. பள்ளிச் சிறுவனாக இருந்த ஆலிவர் கோல்ட்ஸ்மித், நல்ல சத்திரம் எது என்று கேட்க, ஊர்க் குறும்பர் ஒருவர் அந்த மாளிகையைக் கை காட்டிவிட்டார். பையன் உள்ளே போய் அதிகாரமாகச் சாப்பாடு கேட்டு, 'சத்திரக்காரரையும்' கூட உட்காரச் சொல்லி உபசரித்து, காலையில் கணக்குக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்ததாம். அந்த அனுபவமே அவர் 1773-இல் மேடையேற்றிய 'ஷி ஸ்டூப்ஸ் டு கான்கர்' என்ற புகழ்பெற்ற நாடகத்துக்கு விதை என்று சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஃபெதர்ஸ்டன்ஹா, ஜார்ஜ் வில்லியம். 1780-இல் லண்டனில் பிறந்து, யார்க்‌ஷயர் கடற்கரையில் வளர்ந்து, 1806-இல் அமெரிக்கா போனவர். நியூயார்க் மாநகரத்தின் மேயராக இருந்த ஜேம்ஸ் டுவேனின் மகளை மணந்து பண்ணை வைத்தார். ஆல்பனி நகரையும் ஷெனெக்டடியையும் இரும்புப் பாதையால் இணைக்கலாம் என்று மன்றாடி 1826-இல் அனுமதி வாங்கினார். நியூயார்க் மாநிலத்தின் முதல் ரயில் 1831-இல் அந்தப் பாதையில் ஓடியது. பிறகு அமெரிக்க அரசின் முதல் புவியியலாளராக நியமிக்கப்பட்டு மிசிசிபிக்கு மேற்கே பாறைகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். அதன்பின் சட்டென்று கட்சி மாறி, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லைத் தகராறு வந்தபோது பிரிட்டன் தரப்பில் 1839-இல் அளவை செய்தார். அமெரிக்கர்கள் அதை ரசித்திருக்க மாட்டார்கள். அதற்குப் பரிசுபோல பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் தூதரகப் பதவி வந்தது.

1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. அரசர் லூயி ஃபிலிப் 24-ஆம் தேதி முடியைத் துறந்து, நார்மண்டிக் கரையில் ஒளிந்து ஒளிந்து அலைந்தார். மார்ச் 2-ஆம் தேதி இரவு, ஆன்ஃப்ளரிலிருந்து படகில் லெ ஆவ்ர் வந்து இறங்கினார். கன்ன மீசையை மழித்து, கண்ணாடியும் தொப்பியும் மாட்டி, சாதாரணக் கிழவரைப்போல இருந்தார். துறைமுகத்தில் காத்திருந்த ஜார்ஜ் வில்லியம், நீண்ட நாள் கழித்துப் பார்க்கும் உறவினரைப்போல 'மாமா!' என்று ஆங்கிலத்தில் வரவேற்றுக் கையோடு அழைத்துப் போனார். மாமாவுக்கு வயது 74, மருமகனுக்கு 67. இருவரும் வாய் ஓயாமல் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே காவலர்களைக் கடந்து 'எக்ஸ்பிரஸ்' என்ற நீராவிக் கப்பலில் ஏறினார்கள். மறுநாள் அரசர் இங்கிலாந்தின் நியூஹேவனில் இறங்கிவிட்டார். கடவுச்சீட்டில் இருந்த பெயர் வில்லியம் ஸ்மித். நாட்டிலேயே மிக அரிதான பெயர்களில் ஒன்றை வைத்திருந்தவர், தன் 'மாமா'வுக்கு நாட்டிலேயே மலிந்த பெயரைத் தேடிக் கொடுத்தார். தன் பெயரையே கொடுத்திருந்தால், கேட்ட காவலர் எழுதி முடிப்பதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் பிறப்பால் இந்தப் பெயரைப் பெற்றவர்கள். ஆனால் பெயரின் நிஜமான கதை தெற்கே, சஸெக்ஸ் மாவட்டத்தில், குன்றின்மேல் நிற்கும் அப்பார்க் என்ற மாளிகையில் இருக்கிறது.

வட நாட்டுக் கிளையைச் சேர்ந்த மேத்யூவுக்கு 1746-இல் பெரும் அதிர்ஷ்டம் அடித்தது. தூரத்து உறவினரான சர் ஹென்றி ஃபெதர்ஸ்டன் வாரிசில்லாமல் இறந்து, நான்கு லட்சம் பவுண்டு மதிப்புள்ளதாகச் சொல்லப்படும் சொத்தை அவருக்கு எழுதி வைத்திருந்தார். நிபந்தனை: பேரனெட் என்ற பரம்பரைப் பட்டம் வாங்க வேண்டும், தெற்கில் ஒரு பண்ணை நிலமும் வாங்க வேண்டும். மேத்யூ மறு ஆண்டே இரண்டையும் முடித்துவிட்டார். அப்படி வாங்கிய வீடுதான் அப்பார்க். இங்கே எழுதும்போது பெயரில் 'ஏ'யும் கிடையாது, நடு 'இ'யும் கிடையாது. 15 எழுத்தோடு சிக்கனம்.

மேத்யூவின் ஒரே மகன் சர் ஹாரி. 1754-இல் பிறந்தவர், ஊதாரி, பட்டத்து இளவரசரின் விருந்துத் தோழர். 1781-இல் எம்மா என்ற பதினாறு வயதுப் பெண்ணை அப்பார்க்குக்கு அழைத்துவந்து நண்பர்கள் முன் ஆடவும் பாடவும் வைத்தார். அவள் கர்ப்பமானதும் துரத்திவிட்டார். அந்தப் பெண்தான் பின்னால் லேடி ஹாமில்டன் ஆகி, கடற்படைத் தளபதி நெல்சனின் காதலியாக ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டாள். இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே சர் ஹாரியை எனக்குப் பிடிக்காது. கிழவரானபின் அவர் செய்த காரியம் மட்டும் என்னைக் கொஞ்சம் இளக்கிவிடுகிறது.

ஒரு நாள் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தவர், பால்கூடத்திலிருந்து ஒரு பெண் பாடும் குரலைக் கேட்டார். மேரி ஆன் புல்லக், பால் வேலை செய்யும் பெண், வயது இருபது அளவில். இவருக்கு எழுபது. போய் வாசலில் நின்று, என்னைத் திருமணம் செய்துகொள்வாயா என்று கேட்டார். பெண்ணுக்கு வாயடைத்துப் போய்விட்டது. 'இப்போது பதில் சொல்ல வேண்டாம். சம்மதம் என்றால், இன்று சாப்பாட்டுக்கு மேலே அனுப்பும் ஆட்டுத்தொடையில் ஒரு துண்டு வெட்டிவிட்டு அனுப்பு' என்றாராம். மாலையில் தொடை வந்தது. ஒரு துண்டு குறைந்திருந்தது. இது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. திருமணம் நடந்தது 1825-இல் என்பது பதிவு. பெண்ணைப் படிக்க வைக்கப் பாரிஸுக்கு அனுப்பினார். அக்கம்பக்கத்துச் சீமான்கள் முகம் சுளித்தார்கள். சர் ஹாரி அதன்பிறகும் இருபது வருடம் இருந்து, 1846-இல் 91 வயதில், வீட்டையும் நிலத்தையும் மனைவிக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். சட்டப்படி பிறந்த பிள்ளை இல்லாததால் பேரனெட் பட்டம் அத்தோடு அற்றுப்போனது.

பட்டம் போனது, பெயர் போகவில்லை. மேரி ஆன் தன் தங்கை ஃபிரான்சிஸையும் கூட வைத்துக்கொண்டாள். 'சர் ஹாரி இருந்தபோது எப்படியோ அப்படியே இருக்கட்டும்' என்பதுதான் இரு சகோதரிகளின் கொள்கை. திரைச்சீலையை மாற்றவில்லை, சுவர்த்தாளை மாற்றவில்லை. விக்டோரியா காலத்துப் பெரிய வீடுகளெல்லாம் புதுப் பணத்தில் புதுக்கோலம் பூண்டபோது அப்பார்க் மட்டும் 18-ஆம் நூற்றாண்டிலேயே தங்கிவிட்டதற்கு இதுவே காரணம். 1874-இல் அக்கா இறந்ததும் தங்கை தன் புல்லக் என்ற பெயரை விட்டுவிட்டு ஃபெதர்ஸ்டன்ஹா என்று மாற்றிக்கொண்டாள். கல்யாணத்தாலும் அல்ல, பிறப்பாலும் அல்ல. சொத்து வந்தது, பெயரும் வந்தது. இந்த மிஸ் ஃபெதர்ஸ்டன்ஹாவிடம் 1880-லிருந்து 1893 வரை வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்தவர் சாரா வெல்ஸ். அவருடைய மகன், பிற்காலத்தில் எழுத்தாளராகப் போகிற எச்.ஜி. வெல்ஸ், வேலைக்காரர்கள் நடமாடும் நிலத்தடிச் சுரங்கப் பாதைகளில் விளையாடியும், சர் ஹாரியின் பழைய நூலகத்தில் பிளேட்டோவைப் படித்தும் வளர்ந்தார். மாடியில் மிஸ் ஃபெதர்ஸ்டன்ஹா என்று அழைக்கப்பட்டவளும் கீழிருந்து மேலே போனவள்தான் என்பது அந்தப் பையனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

1895-இல் ஃபிரான்சிஸும் இறந்தாள். இப்போது உயிலைப் பாருங்கள். பால்கூடத்துப் பெண்ணின் தங்கை, கர்னல் கீத் டர்னர் என்ற பிரபு வீட்டுப் பிள்ளைக்கு அப்பார்க்கின்மேல் ஆயுள் உரிமை கொடுத்தாள்; அவருக்குப்பின் கிளான்வில்லியம் பிரபுவின் ஒரு மகனுக்கு. டர்னர் தன் பெயரோடு ஃபெதர்ஸ்டன்ஹாவைச் சேர்த்துக்கொண்டார். 1930-இல் அவர் போனதும், அடுத்த ஆண்டு அந்த மகன், கடற்படைத் தளபதி ஹெர்பர்ட் மீட், மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா ஆனார். இருவருக்கும் சர் ஹாரியோடு சொட்டு ரத்த உறவு கிடையாது. புல்லக் சகோதரிகளோடும் கிடையாது. நமக்குச் சுவிகாரம் தெரியும்: வாரிசில்லாத செட்டிநாட்டு வீட்டுக்குப் பிள்ளை கூட்டி வந்து, வீட்டின் பெயரும் விளக்கும் அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். அங்கே பங்காளிக்குள் பார்த்துப் பார்த்துத் தேடுவார்கள். இங்கே அந்தத் தேடலும் இல்லை. பழக்கமான குடும்பம், கையெழுத்து, முத்திரை, முடிந்தது.

குடும்பப்பெயர் என்றதும் வம்சம், பரம்பரை, மரபணுப் பரிசோதனை என்று இப்போது ஒரு வியாபாரமே நடக்கிறது. உமிழ்நீரைக் குப்பியில் போட்டு அனுப்பினால் உங்கள் மூதாதையர் எந்தக் கோட்டையில் இருந்தார்கள் என்று சொல்வதாக விளம்பரம் வருகிறது. அப்பார்க் ஃபெதர்ஸ்டன்ஹாக்களின் உமிழ்நீரில் தெற்கு டைன் ஆற்றங்கரையைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். அவர்களை இணைத்தது உயில்கள் மட்டுமே.

இத்தனைக்கும், பெயரோடு வந்த பொறுப்பை இந்த அந்நியர்கள் பிறந்த வாரிசைவிட நன்றாகச் சுமந்தார்கள். மீட்-ஃபெதர்ஸ்டன்ஹாவின் மனைவி மார்கரெட், சர் ஹாரி காலத்து திரைச்சீலைகள் இற்றுத் தொங்குவதைக் கண்டார். கடைச் சோப்புப் பட்டால் துணி உதிர்ந்துவிடும். சோப்பு வேர் என்ற செடியை வளர்த்து, அதைக் கொதிக்கவைத்து வடித்த நுரைநீரில் பழம் பட்டுகளை அலசினார். பிய்ந்த இழைகளை வருடக்கணக்கில் உட்கார்ந்து நூலால் பிடித்துத் தைத்தார். 1754-இல் பிறந்து, வீட்டை அனுபவிக்க மட்டுமே தெரிந்த சர் ஹாரி இதில் நூறில் ஒரு பங்கு வேலை செய்திருப்பாரா என்பது சந்தேகம். வீடு 1954-இல், பழம் மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுக்கப்பட்டது. குடும்பம் மேல் தளத்தில் தங்கியது.

1989 ஆகஸ்ட் 30. கூரையில் ஈயத் தகடு பொருத்தும் வேலை அநேகமாக முடிந்துவிட்டது. வேலையாட்களின் தீச்சுடரிலிருந்து நெருப்புப் பற்றியது. தீயணைப்பு வீரர்களும் ஊழியர்களும் குடும்பத்தாரும் கீழ்த் தளத்திலிருந்து ஓவியங்களையும் நாற்காலிகளையும் புல்வெளிக்குக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். திரைச்சீலைகளில் பலவும் தப்பின. மேல் தளங்கள் இடிந்து விழுந்தன.

வெந்து நின்ற சுவர்களைப் பார்த்து, இடித்துத் தள்ளிவிடலாம், இடிபாடாகவே விட்டுவிடலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. முடிவு செய்தது காப்பீட்டுக் கணக்கு. முழு நட்டம் என்று தீர்த்துப் பணம் கொடுப்பதைவிட, தீப்பிடிப்பதற்கு முந்தின நாள் இருந்தபடியே திரும்பக் கட்டுவது மலிவு என்று வந்தது. மரம் செதுக்கவும் சுதைப்பூ வார்க்கவும் மறந்துபோன கைவேலைகளைத் தேடிப் பிடித்துக் கற்று, அப்படியே கட்டி, 1995-இல் திறந்தார்கள். மறுபடியும் ஒரு பத்திரத்தின் தயவு.